குப்பைக்கு வந்த சாவு!

"அய்யோ... பெரியவரு போயிட்டாரேஏஏ!"

அலறலைக் கேட்டதும் ஹாஜா மைதீன் டிராக்டரை நிறுத்தாமலே குதித்து இறங்கினான்.

புதன்கிழமை. காலை ஒன்பது மணி. வலங்கைமானிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, சோழமாங்குடிப் பேரூராட்சியின் குப்பைமேடு.

ஒரு பக்கம் வாய்க்கால். மறுபக்கம் நடவுக்காகச் சேறடித்த வயல். நடுவில், ஊர் கழித்துப் போட்டதெல்லாம். அரசாங்கம் சும்மா கொடுத்த கலர் டிவிகள் வீடுகளுக்குப் போய்விட, அவற்றின் தெர்மாகோல் மட்டும் இங்கே மலையாகக் கிடந்தது.

அலறியவள் அம்சம். வயசு ஐம்பத்திரண்டு. வருகிற வண்டிகளை நிறுத்தி, 'கட்டட இடிசல் கிழக்கால கொட்டு, வீட்டுக் குப்பை மேற்கால கொட்டு' என்று பிரித்து அனுப்பும் ஒப்பந்தத் தொழிலாளி. பதினோரு வருஷமாக அதே வேலை, அதே நாற்றம்.

"என்னக்கா? யாரு போயிட்டா? பொணம் எங்க?"

ஹாஜா மைதீன், தான் இப்போதுதான் கொட்டிய குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தான். உடைந்த செங்கல். ஓட்டுச் சில்லு. சுண்ணாம்புக் காரை. காலி சிமென்ட் சாக்கு.

பிணம் இல்லை!

"சும்மா கத்தி என்னையும் சாகடிக்காதக்கா. எங்க பொணம்?"

"பொணம் இல்ல தம்பி... பொணத்தோட சாமான்!"

அம்சம் கையை நீட்டினாள்.

செங்கல்லுக்கு நடுவே ஒரு சுருட்டிய கோரைப்பாய். அதற்குள் ஒரு தலையணை. பக்கத்தில் ஒரு கைத்தடி. கைத்தடியில் சுற்றிக்கொண்டு, அறுந்த கறுப்புக் கயிறு ஒன்று.

"அந்தப் பாயி கிழிஞ்சிருக்கா பாரு."

"இல்லக்கா. புதுசாத்தான் இருக்கு."

"கிழியாத பாயும் தலகாணியும் ஒண்ணா எப்ப வெளிய வரும்? சாவு விழுந்தாத்தானே வரும்? இது அரணாக்கயிறு. ஆம்பள இடுப்புலேருந்து இத எப்ப அறுப்பாங்க?"

ஹாஜா மைதீன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"சுடுகாட்டுலதான்னு சொல்லுவாங்க..."

"இந்த லோடு எந்த வீடு?"

"பஞ்சநதம் ஐயா வீடு. பின்கட்ட இடிச்சு மாடி எடுக்குறாங்கல்ல. நாலு நாளா நாந்தானே அள்ளிட்டு வர்றேன்."

"இந்தத் தடி?"

"பெரியவரோடது! எனக்கே தெரியும்!"

"அந்த வீட்ல சாவு சொன்னாங்களா? சங்கு ஊதுனாங்களா?"

"இல்லையே! இப்பத்தான் அவரு மகன் துரைராசு அண்ணன் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. சிரிச்சுப் பேசுனாரு!"

"அதான் தம்பி. சாவ மறைக்கிறாங்க!"

அம்சம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என் மூணு மா போச்சே!"

அந்த மூன்று மாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு கிழவரின் பாய்க்கு இவள் ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று நீங்கள் என்னைக் கேட்பீர்கள்.

பஞ்சநதம். வயசு எழுபத்தெட்டு. கட்சியின் பழைய மேடைப் பேச்சாளர். 'உழுகிற கைக்கே நிலம்' என்று நாற்பது வருஷம் மைக்கைக் கடித்தவர். அவர் பேச்சைக் கேட்டு டெல்டாவில் பல பண்ணையார்களுக்கு வியர்த்தது. அவருக்கு மட்டும் வியர்க்கவே இல்லை.

அவருடைய மூன்று மாவை, அதாவது ஒரு ஏக்கரை, முதலில் அம்சத்தின் மாமனார் உழுதார். அப்புறம் புருஷன் மருதையன் உழுதான். அவன் போனபின் அம்சம் உழுகிறாள். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே குத்தகை நெல்லை அளந்து கொடுத்தார்கள். சீட்டு கிடையாது. ரசீது கிடையாது. வாய்ப்பேச்சுதான்.

இப்போது அந்தப் பக்கம் புறவழிச்சாலை வருகிறது!

பஞ்சநதத்தின் மகன் துரைராசுவுக்கு அந்த நிலம் நிலமாகவே தெரியவில்லை. இருபது பிளாட்டாகத் தெரிகிறது. அம்சம் பதறிப்போய், குத்தகைதாரராகத் தன் பெயரைப் பதியச் சொல்லித் தாலுகா ஆபீசில் மனுப் போட்டாள். விசாரணை நாளை, வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு. துரைராசுவைப் பகைத்துக்கொண்டு சாட்சி சொல்ல ஊரில் ஒருவனும் தயாரில்லை.

ஒருவரைத் தவிர!

போன மாதம் கட்சிக் கூட்டத்தில் பஞ்சநதம் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார்: 'அம்சம் குடும்பம்தான் என் நிலத்தை உழுதது. நானே வந்து தாசில்தார் முன்னால் சொல்வேன்!' கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

அவர் வந்து சொன்னால் நிலம் அம்சத்துக்கு. வராவிட்டால் பிளாட்டுக்கு. அவ்வளவுதான் கணக்கு.

சப்-இன்ஸ்பெக்டர் இளையபெருமாள், ஸ்டேஷன் மேஜைமேல் விரித்து வைத்த பாயையும் தலையணையையும் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இந்தாம்மா. குப்பைய வச்சு கேஸ் எழுதச் சொல்றியா?"

"ஊருல எல்லாரும் பொய் சொல்லுவாங்க சார். குப்பை சொல்லாது. சுத்த சைவம்னு சொல்ற வீட்லேருந்து நண்டு ஓடு வரும். குடிய விட்டுட்டேன்னு கோயில்ல சத்தியம் பண்ணவரு வீட்லேருந்து பிராந்தி பாட்டில் வரும். உங்க வீட்லேருந்து நேத்து வந்ததச் சொல்லட்டுமா?"

"வேணாம்! வேணாம்!"

கான்ஸ்டபிள் மீரா உசேன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

"பெரியவர் செத்தா செத்ததா சொல்லிட்டுப் போறாங்க. எதுக்கு மறைக்கணும்?"

"நல்லபடியா செத்திருந்தா சொல்லிருப்பாங்க சார்."

இளையபெருமாள் நிமிர்ந்தார்.

"கொலைங்கிறியா?"

"நாளைக்கு அவரு சாட்சி சொன்னா துரைராசுக்கு இருபது பிளாட் போயிடும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நீங்க படிச்சவங்க."

படிச்சவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரைப் போட்டார்.

ட்ரிங்... ட்ரிங்...

"அலோ..." பெண் குரல். துரைராசுவின் மனைவி மங்களாம்பிகை.

"போலீஸ் ஸ்டேஷன்லேருந்து பேசுறேன். பெரியவர் இருக்காராம்மா?"

"மாமா... மாமா ஊருக்குப் போயிருக்காங்க..."

டொக்கென்று ஏதோ சத்தம். போன் கை மாறியது.

"வணக்கம் சார், துரைராசு! அப்பா உள்ள தூங்குறாங்க சார். எழுப்பட்டுமா... வேணாம், மாத்திரை போட்டிருக்காங்க!"

பத்து நொடியில் ஒரு கிழவர் ஊருக்கும் போய், வீட்டிலும் தூங்கினார்.

இளையபெருமாள் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"ஜீப்ப எடுய்யா!"

ஜீப் போய் நின்றபோது துரைராசு வாசலிலேயே வரவேற்றான். சிரிப்பு இருந்தது. அதற்குக் கீழே வியர்வையும் இருந்தது.

"என்ன சார் இவ்வளவு தூரம்?"

"பெரியவர எழுப்புங்க."

"அது... வந்து... தூங்குனாங்க. இப்ப எந்திரிச்சு திருக்காட்டுப்பள்ளி போயிட்டாங்க. அத்தை வீட்டுக்கு."

"மாத்திரை போட்டவரா?"

"மாத்திரை போட்டுக்கிட்டுத்தான்!"

இளையபெருமாள் அங்கேயே நின்று திருக்காட்டுப்பள்ளி நம்பரைப் போட்டார். பஞ்சநதத்தின் தங்கை தர்மாம்பாள் எடுத்தாள்.

"அம்மா, போலீஸ். உங்க அண்ணன் பஞ்சநதம் அங்க வந்தாரா?"

"இல்லையே! ஏங்க? எங்கண்ணனுக்கு என்ன? போலீஸ் ஏன் பேசுறீங்க? அய்யோ... அண்ணே...! என்னை விட்டுட்டுப் போயிட்டியா அண்ணே...!"

இவர் 'இல்லம்மா' என்று சொல்வதற்குள் அங்கே ஒப்பாரி இரண்டாம் அடிக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு சோழமாங்குடியில் செய்தி போன வேகத்துக்கு எந்த டவுன் பஸ்ஸும் போனதில்லை. ஒரு மணி நேரத்தில் தெருவே வீட்டு வாசலில் நின்றது. மேளக்காரர்கள் கூப்பிடாமலே வந்து மேளத்தை நெருப்பில் காய்ச்சினார்கள். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தர்மாம்பாள் ஒரு வேன் நிறையப் பெண்களோடு புறப்பட்டுவிட்டாள்.

கட்சியின் கிளைச் செயலாளர் சாரங்கபாணி ரோஜா மாலையோடு ஓடி வந்தான். மாலை போட உடம்பு இல்லை என்றதும் தவித்துப்போனான்.

"அம்சம்! கும்பகோணத்துல பிளெக்ஸ் சொல்லிட்டேன். படம் இருக்கு. கீழ என்ன போடுறதுன்னுதான் தெரியல. கண்ணீர் அஞ்சலின்னு மட்டும் போட்டா வெறிச்சுன்னு இருக்கும்."

அம்சம் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவரு மைக்குல சொன்னத அப்படியே போடுங்க தம்பி. அதவிட என்ன பெருமை இருக்கு அவருக்கு?"

"ஆங்... அதான்! அதான்!"

போனைக் காதில் வைத்துக்கொண்டு சாரங்கபாணி ஓடினான்.

இந்தக் கூட்டத்தில் துரைராசு மெல்ல அம்சத்தின் பக்கம் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அம்சம்... அப்பாவப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. நீயே புரிஞ்சுக்க. நாளைக்கு உனக்காக வந்து சொல்ல ஆளில்ல."

"அப்ப போயிட்டாரா?"

"நான் அப்படிச் சொன்னேனா? ஆளில்லன்னுதான் சொன்னேன். பேசாம ராஜியாப் போயிடு. பேப்பர் ரெடியா இருக்கு. கையெழுத்துப் போடு, கடைசி வரிசையில ஒரு பிளாட் உனக்கு."

"நாப்பது வருஷம் மூணு பேரு உழுததுக்கு ஒரு பிளாட்டா?"

"அதுவும் இல்லாமப் போயிடும்டி. யோசிச்சுக்க!"

அம்சம் வயல் இருக்கும் பக்கம் பார்த்தாள். அந்த மூன்று மாவில் மருதையன் பாம்பு கடித்து விழுந்த வரப்பு இருக்கிறது. அதன்மேல் எவனோ கார் நிறுத்துவான்.

அதே நேரம் பின்கட்டிலிருந்து மீரா உசேனின் குரல் வந்தது.

"சார்! இங்க வாங்க சார்! சீக்கிரம்!"

இடித்த பின்கட்டின் மூலையில், ஆறடிக்கு மூன்றடி. புதுசாகப் பூசிய சிமென்ட் தரை. இன்னும் ஈரம்கூடக் காயவில்லை!

கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"இது என்ன துரைராசு?"

"செப்டிக் டேங்க் மூடி சார்..."

"அளவு சரியா ஆள் அளவுல இருக்கே!"

"டேங்க்கும் அந்த அளவுதான் சார்!"

"ஒடைய்யா!"

"சார்! சார்! இதுக்கு மேல டைல்ஸ் வரணும் சார்!"

ஹாஜா மைதீன் கடப்பாரையை வாங்கினான். பிஸ்மில்லா சொல்லி ஓங்கினான்.

ணங்!

சிமென்ட் பெயர்ந்தது. தூசி கிளம்பியது.

ணங்!

மங்களாம்பிகை தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தூசி புகையாக எழும்பி, முன்கட்டு மாடிப்படி வழியாக மேலே போனது.

ணங்!

"ஹ... ஹ... ஹச்ச்ச்!"

கடப்பாரை பாதியில் நின்றது.

தும்மல் குழியிலிருந்து வரவில்லை. மாடியிலிருந்து வந்தது!

இளையபெருமாள் ரிவால்வரை உருவிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறினார். கதவை உதைத்தார். அது தாழ்ப்பாளே போடாத கதவு. உள்ளே போய் விழுந்தார்.

கட்டில். டேபிள் ஃபேன். பிளாஸ்க்கில் டிகிரி காபி. ஒரு தட்டு முறுக்கு.

கட்டிலின்மேல், மூக்கைத் துடைத்தபடி, காலஞ்சென்ற பஞ்சநதம்!

கூட்டம் பின்னாலேயே ஏறி வந்துவிட்டது. கிழவர் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். நாற்பது வருஷ மேடை அனுபவம். ஒரே நொடியில் குரல் தழுதழுத்தது.

"வந்தீங்களா... நல்லவேளை வந்தீங்க! பெத்த பிள்ளையே என்னை அடைச்சு வச்சுட்டான்யா!"

"அப்பா!" துரைராசு அலறினான்.

"அடைச்சா வச்சோம்?" தூணோரம் உட்கார்ந்திருந்த மங்களாம்பிகை இப்போது படியேறி வந்து நின்றாள். இருபது வருஷமாக அந்த வீட்டில் சத்தமாகப் பேசாதவள். "காலையில காபி கொண்டாந்தா டிகாஷன் பத்தலன்னு திருப்பி அனுப்புனீங்களே மாமா, அது அடைச்சு வச்சவரு பண்ற வேலையா? உசுரோட இருக்கிறவரு பாய வெளிய போடாதீங்க, குடும்பத்துக்கு ஆகாதுன்னு நான் அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா ரெண்டு பேரும்?"

"மங்களம், சும்மா இரு!" துரைராசு அதட்டினான்.

"இருக்க மாட்டேன்! சார், திட்டம் போட்டதே இவருதான். 'மைக்குல சொல்லித் தொலச்சுட்டேன், இல்லைன்னா பேரு கெடும், ஆமான்னா நிலம் போயிடும். என் பாயப் பாத்தா அம்சம் நான் செத்துட்டேன்னு நெனச்சுக்குவா, அழுதுக்கிட்டே ராஜிக்குக் கையெழுத்து போட்டுடுவா, அப்புறமா நான் பம்பாய் போயிட்டு வந்த மாதிரி வந்துடறேன்'னாரு!"

பஞ்சநதம் மகனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"பாயும் தலகாணியும் தடியும் போதும்னுதானேடா சொன்னேன்? அரணாக்கயிற எவன்டா போடச் சொன்னது?"

"ஒரு இதுக்கு இருக்கட்டும்னு என்னோடத அறுத்துப் போட்டேம்ப்பா..."

"மடையா! அறுபத்தேழுலேருந்து நான் கயிறு கட்டுனதில்லடா! அது மூடநம்பிக்கைன்னு எத்தனை மேடையில சொல்லிருக்கேன்!"

இளையபெருமாள் தரையிலிருந்து எழுந்து தொப்பியைத் தட்டிக்கொண்டார்.

"பெரியவரே. நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. நானே ஜீப்புல வந்து கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு ரத்தக்கொதிப்பு, சார். ஒரு மாசம் வாய்தா..."

அவர் முடிக்கவில்லை. தெருவில் வெடி வெடித்தது. எல்லோரும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

கும்பகோணத்திலிருந்து பிளெக்ஸ் வந்துவிட்டது!

பதினைந்தடி உயரம். நான்கு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இளமையான பஞ்சநதம் கைகூப்பிச் சிரித்தார். கீழே, வயல் வரப்பிலிருந்தே படிக்கிற மாதிரி எழுத்து:

'கண்ணீர் அஞ்சலி! சொன்னதைச் செய்த செம்மலே! மூன்று மா நிலத்தை உழுத அம்சத்துக்கே தந்த வள்ளலே!'

மாடியில் கிழவரின் தலையைக் கண்டதும் கூட்டம் வெடித்தது.

"வள்ளல் உசுரோட இருக்காருடோய்! வள்ளல் பஞ்சநதம்... வாழ்க!"

"வாழ்க! வாழ்க!"

சாவு மேளம் கல்யாண மேளமானது. சாரங்கபாணி சவத்துக்கு வாங்கிய மாலையைச் சரியான ஆளின் கழுத்திலேயே போட்டான். வேனில் வந்து இறங்கிய தர்மாம்பாள் அண்ணனைக் கட்டிக்கொண்டு, பாதியில் நிறுத்திய ஒப்பாரியை சந்தோஷத்தில் முடித்தாள்.

பஞ்சநதம் கூட்டத்தைப் பார்த்தார். பிளெக்ஸைப் பார்த்தார். கை அவரை அறியாமலே கும்பிட எழும்பியது. கூட்டத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை.

வியாழக்கிழமை. பதினோரு மணி. தாலுகா ஆபீஸ்.

தனி தாசில்தார் நீலாம்பாள் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

"நிலத்தை யார் சாகுபடி செஞ்சாங்க?"

வெளியே ஜன்னலை மறைத்துக்கொண்டு ஊரே நின்றது. பஞ்சநதம் தொண்டையைச் செருமினார்.

"அம்சம் குடும்பம்தான். நாப்பது வருஷமா."

கைதட்டல். அதைக் கேட்டதும் கிழவருக்கு மேடை நினைப்பு வந்துவிட்டது. கேட்காமலே இருபது நிமிஷம் பேசினார். துரைராசு வெளியே போய் டீக்கடை பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பதிவேட்டில் அம்சத்தின் பெயர் ஏறியது. அவள் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

என்ன, முதல் தடவையா என்கிறீர்களா? முன்னாலே அழுதாள் என்று நான் எங்கே சொன்னேன்? கத்தினாள் என்றேன். முகத்தை மூடிக்கொண்டாள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்தக் கணக்கு இளையபெருமாளுக்கும் அப்போதுதான் உதைத்தது. வராந்தாவில் அவளை நிறுத்தினார்.

"அம்சம்... ஒரு நிமிஷம். பெரியவர் அரணாக்கயிறு கட்டாதவர்னு ஊருக்கே தெரியுமாமே. உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன சார்? அவரு மேடைக்கு முன்னால மண்ணுல உக்காந்து கைதட்டுனவதானே நானும்?"

"அப்படின்னா குப்பைமேட்டுல அந்தக் கயிறப் பாத்ததும்..."

"அவரு சாகலன்னு தெரிஞ்சுபோச்சு. ஒளிஞ்சுக்கிட்டாருன்னும் தெரிஞ்சுபோச்சு."

"அடிப்பாவி! அப்ப கொலை, ஒப்பாரி, பிளெக்ஸ் எல்லாம்?"

"செத்தவரப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்றது தப்பா சார்?"

இளையபெருமாளுக்குக் கோபம் வந்தது.

"ஒரு ஸ்டேஷனையே ஏமாத்திருக்கே! பெரியவர் உசுரோட ஒளிஞ்சிருக்காரு, கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு நேரா வந்து சொல்றதுக்கென்ன?"

"திங்கக்கிழமையே வந்து சொன்னேனே சார். ரெண்டு நாளா பெரியவரக் காணோம், வியாழக்கிழமை விசாரணை இருக்கு, தேடிக் குடுங்கன்னேன். நீங்க தலைய நிமிராம, வருவாரு போம்மான்னீங்க."

இளையபெருமாள் யோசித்தார். திங்கட்கிழமை. பேப்பரில் சினிமாப் பக்கம். எதிரே ஒரு புடவைத் தலைப்பு...

"நீதானா அது?"

"நாந்தான் சார்."

அம்சம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படி இறங்கினாள். வயலில் அவளுக்கு நாற்றுப் பறிக்கிற வேலை கிடந்தது.

"உசுரோட இருந்தவருக்கு ஜீப்பு வரல சார். அதான் சாகடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்!"